எது மாறாமல் இருக்க எது மாறுகிறது? உடல் மண்டலங்களையும் ஹோமியோஸ்டாசிஸையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி

கேள்வி: உடற்கூறியல் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். பதினொரு மண்டலங்களையும் உறுப்புகளோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஹோமியோஸ்டாசிஸ் என்றால் உடலின் உள்சூழல் மாறாமல் இருப்பது என்கிறார்கள். ஓடினால் இதயத் துடிப்பு இரண்டு மடங்காகிறது. சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறது. காய்ச்சலில் வெப்பம் ஏறுகிறது. அப்படியானால் எதுதான் மாறாமல் இருக்கிறது? மண்டலங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்:

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் பாடம் சொல்லித்தரப்படும் வரிசை. முதல் அத்தியாயத்தில் ஹோமியோஸ்டாசிஸ் ஒரு பக்கத்துக்கு வரும். அப்புறம் எலும்பு, தசை, நரம்பு என்று மண்டலம் மண்டலமாகப் போய்விடுவார்கள். இரண்டையும் இணைக்கும் வேலை மாணவர் தலையில் விழுகிறது. அந்த இணைப்பு ஒரே ஒரு வேறுபாட்டில் இருக்கிறது: உடலில் சில அளவுகள் காக்கப்படுபவை, மற்றவை அவற்றைக் காப்பதற்காக மாறுபவை. இரத்த அழுத்தம் முதல் வகை. இதயத் துடிப்பு இரண்டாம் வகை. துடிப்பு மாறுவதால்தான் அழுத்தம் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் நீங்கள் கேட்ட மூன்று முரண்பாடுகளும் அவிழ்ந்துவிடும்.

முதலில் 'உள்சூழல்' எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. இந்த 14 லிட்டரில் 3 லிட்டர் போல இரத்தப் பிளாஸ்மா. மற்றதில் பெரும்பகுதி செல்களைச் சுற்றி நிற்கும் திசுத் திரவம். இந்த 14 லிட்டர்தான் உள்சூழல். உங்கள் ஈரல் செல்லுக்கு அறையின் காற்றும் தெரியாது, வெயிலும் தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் திரவம் மட்டுமே அதன் உலகம். ஆக்சிஜனும் சர்க்கரையும் அதிலிருந்துதான் வர வேண்டும், கழிவும் அதற்குள்தான் போக வேண்டும். பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் (1813–1878) இதைத்தான் உள்சூழல் என்றார். அது நிலையாக இருப்பதால்தான் உயிரினம் வெளியே எங்கும் சுதந்திரமாக வாழ முடிகிறது என்பது அவர் கருத்து. ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான வால்டர் கேனன், 1926இல். அசையாமல் உறைந்து கிடக்கும் நிலையைத் தான் சொல்லவில்லை என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். ஓரளவு ஏறி இறங்கலாம், ஆனால் எல்லையைத் தாண்டக்கூடாது.

இப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் வேடிக்கையாகத் தோன்றும். இரைப்பையிலும் குடலிலும் கிடக்கும் உணவு இன்னும் உடலுக்கு 'வெளியே'தான் இருக்கிறது. வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரு நீண்ட குழாய். குடலின் சுவரைத் தாண்டினால்தான் உள்ளே வந்ததாக அர்த்தம். நுரையீரலின் காற்றுப்பைகளில் இருக்கும் காற்றும் அப்படியே. சிறுநீரகக் குழாய்களிலிருந்து இறங்கிவிட்ட சிறுநீரும் அப்படியே. உள்சூழலுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே சரக்கு மாறும் எல்லைகள் இவை. எங்கெல்லாம் இந்தப் பரிமாற்றம் நடக்கிறதோ அங்கெல்லாம் சுவர் மெலிந்தும் பரப்பு விரிந்தும் இருக்கும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே நுரையீரலில் இருக்கும் தடுப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. குடலில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள். சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள். உடற்கூறியலில் வடிவத்தைப் படிக்கும்போதெல்லாம் 'இந்த வடிவம் எதைக் கடத்த?' என்று கேட்டுப் பழகுங்கள். பாதி மனப்பாடம் குறையும்.

சரி, ஒரு நிகழ்ச்சியை நெருக்கமாகப் பார்ப்போம். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கிறீர்கள். அவ்வளவுதான்.

படுத்திருக்கும்போது இதயமும் மூளையும் கால்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். எழுந்த மறுகணம் புவியீர்ப்பு அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தத்தைக் கால்களின் சிரைகளுக்கும் வயிற்றுப்பகுதிக்கும் இழுத்துக்கொள்கிறது. அந்த இரத்தம் உடலை விட்டு எங்கும் போகவில்லை, ஆனால் இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைந்துவிட்டது. உள்ளே வருவது குறைந்தால் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுவதும் குறையும். தமனிகளில் அழுத்தம் சரியத் தொடங்குகிறது. மூளையோ இப்போது இதயத்துக்கு மேலே இருக்கிறது.

கழுத்தின் இரண்டு பக்கமும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனி வளைவிலும், சுவர் இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இருந்தால் சுவர் விரியும், அவை அடுக்கடுக்காகச் சமிக்ஞை அனுப்பும். அழுத்தம் குறைந்தால் சமிக்ஞை மெலியும். கழுத்திலிருந்து 9ஆவது மூளை நரம்பு வழியாகவும், பெருந்தமனியிலிருந்து 10ஆவது நரம்பான வேகஸ் வழியாகவும் இந்தச் செய்தி மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. செய்தி மெலிந்ததும் முகுளம் இரண்டு வேலை செய்கிறது. இதயத்தை நிதானப்படுத்திக்கொண்டிருந்த வேகஸின் பிடியைத் தளர்த்துகிறது. ஓரிரு துடிப்புகளுக்குள்ளேயே வேகம் ஏறிவிடும். கூடவே உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது: சிறு தமனிகள் சுருங்குகின்றன, சிரைகள் இறுகி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன, இதயம் இன்னும் அழுத்திச் சுருங்குகிறது. நீங்கள் நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் தசைகளும் சிரைகளைப் பிழிந்து உதவும். சிரைகளின் வால்வுகள் இரத்தம் திரும்பிக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகு அளந்தால், துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை ஏறியிருக்கும். அழுத்தம் கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும். எது காக்கப்பட்டது, எது மாறியது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். இந்தச் சுற்றில் எங்காவது கோளாறு இருந்தால், எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தத்தில் 20 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ, அல்லது கீழ் அழுத்தத்தில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேலோ குறைந்துவிடும். தலை சுற்றும், கண் இருளும். நெடுநாள் படுக்கையில் இருந்தவர்கள், நீரிழப்பு உள்ளவர்கள், நரம்பைத் தாக்கிய நீரிழிவு உள்ளவர்கள், சில அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்கள் ஆகியோரிடம் இதைப் பார்க்கலாம். மயக்கம் வந்து விழுந்தவர் தரையில் கிடையாகக் கிடக்கும்போது தெளிவதும் இதனால்தான். மூளை இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அவரை உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை மண்டலங்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். இரத்த ஓட்டம், நரம்பு, தசை. இன்னும் நேரம் போனால் சிறுநீரகம் ரெனின் சுரக்கும், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோன் சுரக்கும், உப்பும் நீரும் சேமிக்கப்படும். நாளமில்லாச் சுரப்பி மண்டலமும் கழிவுநீக்க மண்டலமும் சேர்ந்துகொண்டன. அதாவது ஒரு மண்டலம் ஓர் அளவைக் காக்கிறது என்ற கணக்கு இங்கே இல்லை. ஓர் அளவைக் காக்கப் பல மண்டலங்கள், ஒவ்வொன்றும் தன் வேகத்தில். நரம்பு நொடிகளில், ஹார்மோன் நிமிடங்களிலும் மணிக்கணக்கிலும், சிறுநீரகம் நாள்கணக்கில். இரத்தத்தின் அமிலத்தன்மையும் இப்படித்தான் காக்கப்படுகிறது. அதைக் காட்டும் எண்ணான பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். உடனடி வேலை, அமில மாற்றத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் போன்ற வேதித் தாங்கிகளுடையது, சில நிமிடங்களில் மூச்சு, சில நாள்களில் சிறுநீரகம்.

காக்கப்படும் அளவுகளின் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. தமனி அழுத்தம், உட்புற வெப்பம், பி.எச்., இரத்தத்தில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும், குளுக்கோஸ், சோடியமும் நீரும் சேர்ந்து தீர்மானிக்கும் திரவச் செறிவு, பொட்டாசியம், கால்சியம். பெரும்பாலும் இவ்வளவுதான். மூச்சு வேகம், துடிப்பு, வியர்வை, சிறுநீரின் அளவு, தோலுக்குப் போகும் இரத்தம், தாகம், நடுக்கம் எல்லாம் மாறுபவை. இவை மாறாவிட்டால்தான் ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கால்சியம். உடலின் கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. ஆனால் உடல் கண்ணும் கருத்துமாகக் காப்பது இந்தச் சிறு பங்கைத்தான். காரணம் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படும், கைவிரல்கள் தானாக இழுத்துக்கொள்ளும், குரல்வளைத் தசை இறுகினால் மூச்சே தடைபடும். அதனால் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் (வழக்கமாக நான்கு) சிறு சரிவையும் உணர்ந்து ஹார்மோனை விடுகின்றன. எலும்பிலிருந்து கால்சியம் கரைக்கப்படுகிறது. சிறுநீரில் போகவிருந்தது திரும்ப எடுக்கப்படுகிறது. சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற, அது குடலில் உறிஞ்சுதலைக் கூட்டுகிறது. அந்த வைட்டமினின் பெரும்பங்கோ தோலில் சூரிய ஒளி பட்டு உருவானது. சுரப்பி, எலும்பு, சிறுநீரகம், குடல், தோல்: ஐந்து அத்தியாயங்களில் தனித்தனியாகப் படித்தவை ஓர் எண்ணைச் சுற்றி நிற்கின்றன.

இதிலேயே ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. நாள்பட்ட கால்சியக் குறைவில் இரத்தத்தில் கால்சிய அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எலும்புதான் மெலியும். ஒன்றைக் காக்க இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் முடிவு அது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் இயல்பு என்று வந்தால் எலும்பு நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. இரத்தப்போக்கிலும் இதே போக்குதான். தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தம் குறைக்கப்பட்டு மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. அடிபட்டவர் வெளிறி, கைகால் சில்லிட்டு, நாடி வேகமாக ஓடும்போது அவருடைய அழுத்தம் இன்னும் இயல்பாகவே காட்டலாம். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அங்கே நிம்மதி அடையக்கூடாது. காக்கப்படும் அளவு கடைசியில்தான் உடையும். மாறும் அளவுகள் முன்கூட்டியே சொல்லிவிடும். படுக்கை அருகே நின்று நோயாளியைப் பார்க்கப் போகும் யாரும் இதை மறக்கக்கூடாது.

இப்போது சர்க்கரை. பெரியவர் ஒருவரின் 5 லிட்டர் இரத்தத்தில், வெறும் வயிற்றில், மொத்தமே 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான குளுக்கோஸ்தான் இருக்கிறது. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் போலச் செலவழிக்கிறது. இரத்தத்தில் இருப்பதை மட்டும் நம்பினால் மூளைக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. அப்படியிருந்தும் இரவு முழுக்கத் தூங்கி எழும்போது அளவு டெசிலிட்டருக்கு 70க்கும் 100 மில்லிகிராமுக்கும் இடையிலேயே இருக்கிறதே? ஈரல் இரவெல்லாம் தான் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்தும், புதிதாக குளுக்கோஸ் தயாரித்தும் விட்டுக்கொண்டே இருக்கிறது. கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோன் அதற்கு உத்தரவு கொடுக்கிறது. சாப்பிட்டதும் நிலைமை தலைகீழ். மாவுச்சத்து 60 கிராம் உள்ளே போனால் அது இரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆனாலும் ஆரோக்கியமானவரிடம் அளவு கொஞ்சம் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது, இன்சுலின் அதைத் தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் அனுப்பிவிடுவதால். 'சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறதே' என்று கேட்டீர்கள். எவ்வளவு குறைவாக ஏறுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நீரிழிவில் இந்தக் காவல் தளர்ந்து அளவு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடிவதில்லை. குளுக்கோஸ் சிறுநீரில் இறங்குகிறது, தன்னோடு நீரையும் இழுத்துப் போகிறது. உடனே இன்னொரு காக்கப்படும் அளவு ஆட்டம் காண்கிறது: திரவச் செறிவு. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம் என்று நீங்கள் மனப்பாடம் செய்த இரண்டு அறிகுறிகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

காய்ச்சலுக்கு வருவோம். வெப்பம் காக்கப்படும் அளவு என்றால் ஏன் ஏறுகிறது? பாடநூல்கள் ஹோமியோஸ்டாசிஸை ஏசியோடு ஒப்பிடுவது வழக்கம், இந்த இடத்துக்கு அந்த ஒப்பீடு நன்றாகவே பொருந்தும். காய்ச்சலில் ஏசி பழுதாகவில்லை, ரிமோட்டில் எண்ணை மாற்றிவிட்டார்கள். கிருமியைச் சந்தித்த நோயெதிர்ப்பு செல்கள் விடும் வேதிப்பொருள்களால் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது. அது இலக்கு வெப்பத்தை 37லிருந்து, உதாரணமாக, 39 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. இப்போது உடல் 37இல் இருந்தாலும் மூளையின் கணக்கில் அது குளிர். அதனால்தான் காய்ச்சல் ஏறும் நேரத்தில் குளிர்கிறது, உடல் நடுங்குகிறது, உள்ளங்கால் சில்லிடுகிறது, போர்வை தேடுகிறோம். 39ஐத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். பாராசிட்டமால் வேலை செய்து இலக்கு மறுபடி 37க்கு வந்ததும், 39 என்பது இப்போது சூடு. உடனே வியர்த்துக் கொட்டுகிறது, முகம் சிவக்கிறது.

வெப்பத்தாக்கு வேறு. அங்கே இலக்கு 37லேயே இருக்கிறது. உடல் இறக்கப் போராடியும் முடியாமல் வெப்பம் 40ஐத் தாண்டுகிறது, புத்தி தடுமாறுகிறது. இலக்கு ஏறாதபோது இலக்கை இறக்கும் மாத்திரையால் பயனில்லை. தண்ணீரும் காற்றும் பனிக்கட்டியும் கொண்டு வெளியிலிருந்து வேகமாகக் குளிர்விக்க வேண்டும், கூடவே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெப்பமானியில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். உள்ளே நடப்பதோ நேர் எதிர். இந்த வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடு என்பதால் நிதானமாகப் படித்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நேர்மறைப் பின்னூட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே பார்த்ததெல்லாம் எதிர்மறைப் பின்னூட்டம், விலகலைக் குறைப்பது. நேர்மறை என்பது விலகலை இன்னும் கூட்டுவது. பிரசவத்தில் கருப்பை வாய் விரிய விரிய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது, ஆக்சிடோசின் கூடக் கூடச் சுருக்கம் வலுக்கிறது. குழந்தை வெளியே வந்ததும் சங்கிலி அறுகிறது. இரத்தம் உறைவதும் இந்த வகை. இப்படி ஒரு முடிவுப் புள்ளி இருக்கும் வேலைகளுக்கே உடல் அதைப் பயன்படுத்துகிறது.

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. மண்டலப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், அது முகவரிப் புத்தகம் மாதிரி தேவைப்படும். அதன் பக்கத்தில் காக்கப்படும் அளவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி போடுங்கள்: யார் உணர்கிறார்? எங்கே முடிவாகிறது? எது மாறுகிறது? எவ்வளவு சீக்கிரம்? விடை எழுத முடியாத இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள்.

பயிற்சிக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கில் ஒருவர் நீரையும் உப்பையும் நிறைய இழந்துவிட்டார். காக்கப்படுபவை: அழுத்தம், திரவச் செறிவு. உணர்பவை: கழுத்துத் தமனியின் முனைகள், ஹைப்போதலாமஸ், சிறுநீரகத்தின் ரெனின் செல்கள். மாறுபவை: நாடி ஏறும், தோல் வெளிறும், நாக்கு வறளும், தாகம் கூடும், சிறுநீர் குறைந்து அடர் நிறமாகும். இவர் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் என்ன ஆகும்? இழந்த சோடியம் திரும்பாது, செறிவு குறையும், குறைந்ததும் சிறுநீரகம் அந்த நீரையே வெளியேற்றப் பார்க்கும். நீரிழப்பு கடுமையாக இருந்தால் அழுத்தத்தைக் காப்பதற்காக உடல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது சோடியம் ஆபத்தான அளவுக்கு நீர்த்துப்போகலாம். உப்புநீர் மட்டும் கொடுத்தால் நோயுற்ற குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஆனால் சிறுகுடலின் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. வயிற்றுப்போக்கின்போதும் பெரும்பாலும் அது பழுதாகாமல் வேலை செய்கிறது, அவை போகும் வழியில் நீரும் பின்தொடர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சம அளவில் இருப்பது இந்தக் கடத்தியை நம்பித்தான்.